பாதாளத்தில் ஒரு தாத்தா

படத்தைப் படமாகப் பார்க்கவிடாத மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பாட்டுக்குச் சிலுவை போட்டுக்கொண்டு நகரப் பார்ப்பீர்கள். விடுவார்களா? பின்னாலிருந்து ஒரு விரல் நீளும்.

"அது என்னன்னு தெரியுதா?"

புனே ஏரவாடா ஆரோக்கியசாமியின் விரல் அந்த ஜாதி. வெடிமருந்துத் தொழிற்சாலையில் காலமெல்லாம் திருகாணி முடுக்கிய விரல். ஓய்வுபெற்ற பிறகு, கேரளத்துச் சாமியார் ஒருவர் ஓர் உயிர்ப்புப் படத்தைக் கொடுத்து விளக்கமும் சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு பங்கு மக்களின் நிம்மதி போயிற்று. கல்லறையிலிருந்து கொடியோடு எழும்பும் இயேசுவா? அது காலண்டர் படம் என்பார். இவருடைய இயேசு பாதாளத்துக்கே இறங்கி, அதன் கதவுகளை உடைத்துக் குறுக்கே போட்டு, அவற்றின்மேல் நின்றபடி ஆதாமையும் ஏவாளையும் இழுத்துத் தூக்குகிறவர். கையைப் பிடிக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார், பாருங்கள். நாம் பிடித்தால் நழுவும், அவர் பிடித்தால் நழுவாது. சிதறிக் கிடப்பவை பூட்டும் சாவியும். அடியில் கறுப்பாய் ஒரு குழி. உள்ளே கட்டுண்டு கிடப்பவன் யார்? சாத்தான். பால் ஊற்றும் பாண்டுரங்குக்குக்கூட இது மனப்பாடம்.

இந்த நேரத்தில் பேத்தி பிறந்தாள். ரோஜா மொட்டு. ஞானஸ்நானத்துக்கு ஃபிளெக்ஸ் வேண்டாமா? புனேயில் ஃபிளெக்ஸ் இல்லாமல் எது நடந்தது? குழந்தை படம் போதும் என்றாள் மகள் ரோஸ்லின். விமான் நகர் சம்பந்தி வசந்தகுமார் உறவுக்கூட்டத்தோடு வருகிறார், அவர் முன்னால் நம் கௌரவம் நிற்கவேண்டும் என்று ஆரோக்கியசாமி உயிர்ப்புப் படத்தையே கடையில் கொடுத்தார். கூடவே, கூலிங்கிளாஸ் போட்ட தன் போட்டோவையும்.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் ஹால் வாசலில் ஃபிளெக்ஸ் ஏறியது. ஆரோக்கியசாமி அண்ணாந்தவர் அப்படியே நின்றார்.

இந்த ஊர் ஃபிளெக்ஸில் வாழ்த்துகிறவர் படம் அடியில்தான் வரும். கடைக்காரர் கீழே இடம் தேடியிருக்கிறார். கறுப்பாக, வசதியாக ஒரு குழி! உள்ளே கிடந்ததை அழுக்கென்று துடைத்துவிட்டு, தாத்தாவைப் பதித்துவிட்டார். பூட்டு சாவிகளுக்கு நடுவே, தலைக்குமேல் உடைந்த கதவோடு, கூலிங்கிளாஸ் சிரித்தது.

"யாருக்குப்பா தெரியப்போகுது, விடுங்க" என்றாள் ரோஸ்லின்.

யாருக்குத் தெரியாது? பங்கு முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. தெரியாதவர் விமான் நகர் சம்பந்தி ஒருவர்தான். அவரும் வந்து இறங்கினார். அண்ணாந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஆண்டவர் காலடியில இடம் புடிச்சிட்டீங்க சம்பந்தி. அடக்கம்னா இதான்."

தப்பித்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூடித்தான் இருந்தார். ஆனால் சம்பந்திக்குக் கண் படத்தைவிட்டு நகரவில்லை.

"சுத்தி ஏதோ இரும்புச் சாமானாட்டம் கெடக்கே, அது என்ன?"

ஐயோ, கேட்டேவிட்டாரே. ஆரோக்கியசாமி உதட்டைக் கடித்தார். விரலைக் கடிக்க முடியுமா? அது தானாக எழுந்தது.

"பூட்டு சாவி, சம்பந்தி. பாதாளத்தோடது. அந்தக் குழி இருக்கே, அதுலதான்..."

"அப்பா, புள்ளைக்குப் பசிக்குது" என்று பாய்ந்து வந்த ரோஸ்லின், நீண்டிருந்த அந்தக் கையைப் பிடித்து, இழுத்துக்கொண்டு ஹாலுக்குள் போனாள். மணிக்கட்டில் பிடித்ததால் நழுவவில்லை.

சிரிக்கிறீர்களா? சரி. மணிக்கட்டு ஏன் என்று பக்கத்தில் இருப்பவருக்கு விளக்க இப்போதே உங்கள் விரல் எழும்புகிறது பாருங்கள். ஃபிளெக்ஸ் கடைக்குப் போட்டோ கொடுக்கும்போது கவனமாக இருங்கள்.