தெரிஞ்ச கோளாறு பாய்

கள்ளக்குறிச்சியிலேயே கோளாறைக் கண்டு பயப்படாத ஒரே மனிதர் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். இடி விழுந்தாலும், கரண்ட் போனாலும், பெரிய டாக்டரே மேலிருந்து கத்தினாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே வாக்கியம்தான்: "இது தெரிஞ்ச கோளாறுதான்." அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. தெரிஞ்ச கோளாறு பாய். சம்பளப் பட்டியலில் வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. உங்களைச் சிரிக்கவைக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எவ்வளவு தூரம் முடியும் என்று தெரியவில்லை.

நான் அங்கே சீட்டுப் போடும் கவுண்டரில் ஏழு வருடம் இருந்தேன். நோயாளி பெயர், ரத்தப் பரிசோதனை, மருந்து, பிறப்பு, இறப்பு எல்லாம் முதல் மாடியில் இருந்த ஒரே ஒரு சர்வருக்குள் போகும். அழுக்குத் துணி போட்டு வைக்கும் அறையாக இருந்ததைக் காலி செய்து அந்தப் பெட்டியை வைத்திருந்தார்கள். அதைக் கட்டிக் காப்பவர் பாய். ஒல்லி உடம்பு, வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். டெஸ்டர் இல்லாமல் கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டார். போன இடத்தில் பந்தி நடக்கும்போதே சீரியல் விளக்கைச் சரிபண்ணிக்கொண்டிருப்பார்.

சர்வர் அறைக் கதவில் ஒரு நீள நோட்டைச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். இடப்பக்கம் கோளாறு, வலப்பக்கம் சமாளிப்பு. எல்லாவற்றுக்கும் நம்பர் உண்டு. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். "இதப் போயி ஊருக்கே காட்டிக்கினு இருக்கீங்களே, பாய்?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"எங்க வூட்ல இரும்புக்கடை, பாப்பா. மூணு தலைமுறையா யாவாரம். சரக்குல இன்னா பழுதோ அத மொதல்ல சொல்லிட்டுத்தான் விக்கணும். மறைச்சு வித்தா அது ஹராம். சொல்லிட்டா வாங்கறவன் பாடு."

அந்த நோட்டிலிருந்து சில மட்டும் சொல்கிறேன். கோளாறு ஆறு: இனிஷியலுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தால் புரோகிராம் நின்றுவிடும். சமாளிப்பு: புள்ளி வேணாம். கோளாறு ஒன்பது: போர் மோட்டார் ஓடும்போது சர்வரை ஆன் பண்ணினால் ஆகாது. சமாளிப்பு: மோட்டாரை நிறுத்தவும். இதனால், மேல்மாடியில் குடியிருந்த பெரிய டாக்டர் ஒருநாள் காலை முகமெல்லாம் சோப்போடு மொட்டை மாடிக் குழாயடியிலிருந்து "யோவ் பாய்!" என்று அலறினார். பாய் நிதானமாக மேலே பார்த்து, "தெரிஞ்ச கோளாறு சார். சோப்பு காயறதுக்குள்ள தண்ணி வந்துரும்" என்றார். சோப்பு காய்ந்துதான் போனது.

கோளாறு பதினொன்று: முன்பக்கம் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பெட்டிக்குள் கரண்ட் கொடுக்கும் பாகம் இரண்டில் ஒன்று செத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அந்த மாடலுக்கு இப்போது யாரும் பாகம் செய்வதில்லை. எரிகிறதே என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கவே, பாய் ஒரு நர்ஸிடம் ஸ்டிக்கர் பொட்டு வாங்கி அந்த விளக்கின்மேல் ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஆயாம்மா அதற்குப் பக்கத்தில் ஒரு முழம் பூவும் வைக்க ஆரம்பித்தார். பாய் அதையும் தடுக்கவில்லை, காற்று போகிற ஓட்டையை மட்டும் மறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

எங்களுக்குக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு சின்ன கிளினிக் இருந்தது. அங்கிருந்து மலை ஜனங்கள் எங்களிடம் வருவார்கள். புரோகிராமை எழுதியவன் எந்த ஊர்க்காரனோ, எலவனாசூர்கோட்டை, திருநாவலூர் என்று கீழ்நாட்டு ஊரையெல்லாம் பட்டியலில் போட்டுவிட்டு மலையில் ஒரு ஊரைக்கூடப் போடவில்லை. ஊர் பெயர் இல்லாமல் சீட்டும் விழாது. அதனால் கல்வராயன் வரவேண்டிய எழுத்துக்குப் பக்கத்தில் இருந்த களமருதூரை எல்லோருக்கும் போட்டுவிடுவது வழக்கம். கோளாறு பதினான்கு. மலை முழுக்கவே களமருதூர் ஆகிவிட்டது.

ஒருநாள் சுகாதாரக் கணக்கு எடுக்க ஓர் அம்மா வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, களமருதூர்ல நெல்லுதானே வெளையுது? இத்தினி பேரு பலாமரத்துலேர்ந்து எப்பிடிம்மா வுழறாங்க?"

நான் பாயைப் பார்த்தேன். பாய் சொன்னார்: "அது தெரிஞ்ச கோளாறுங்க."

சிரித்தோமே தவிர, இன்னொன்றும் உண்டு. நோட்டின் பின்பக்கத்தில் மலையிலிருந்து வந்த ஒவ்வொருவருடைய நிஜமான ஊரையும் பாய் தன் கையால் எழுதி வைத்திருந்தார். ரத்த ரிப்போர்ட்டில் ஏதாவது மோசமாக வந்தால், அந்தப் பக்கத்தைப் பார்த்து மலை கிளினிக் நர்ஸுக்குப் போன் போட்டு ஆளைத் தேடச் சொல்வார். ஆள் கிடைக்கும்வரை விடமாட்டார். ஒரு பெரியவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "நாங்க மலைய வுட்டு எறங்கவே இல்லீங்களே, எப்பங்க களமருதூருக்குப் போனோம்?" என்று கேட்டார். "சீட்டுல மட்டுந்தான் எறங்கியிருக்கீங்க. என் நோட்டுல மலையிலயேதான் இருக்கீங்க" என்றார் பாய்.

இனி கோளாறு ஒன்று. எல்லாவற்றுக்கும் மூத்தது. கரண்ட் போய்வந்தால் சர்வரின் தேதியும் நேரமும் எந்தக் காலத்துக்கோ ஓடிவிடும். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோனதுதான் காரணம். அதை மாற்றலாம் என்றால் மூடியின் திருகு தேய்ந்துபோய்விட்டது. உடைத்துத் திறந்தால் டேட்டா இருக்கும் டிஸ்க் தாங்காது. அதனால் சமாளிப்பு: பாயின் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் போடவும். அந்தக் கடிகாரமோ நான்கு நிமிடம் முன்னால் ஓடும். தொழுகைக்குப் பிந்திவிடக் கூடாது என்று அவரே அப்படி வைத்திருந்தார். ஆக, எங்கள் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகள் எல்லோரும் காகிதத்தில் நான்கு நிமிடம் தாமதமாகவே பிறந்தார்கள்.

இது எங்கே வெடித்தது என்றால் ஜாதகத்தில். எலவனாசூர்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி பேரனுடைய சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கவுண்டரைத் தட்டினார்.

"இன்னாம்மா நேரம் போட்டுக் குடுத்துக்கீறீங்க? வெளியில நின்னுக்கினு நானே பாத்தேன், புள்ள அழுதப்ப மணி வேற. லக்கினமே மாறிப்போச்சுங்கறாரு ஜோசியரு!"

பாய் வந்தார். "நாலு நிமிஷம் கம்மி பண்ணிக்கச் சொல்லுங்க. இது தெரிஞ்ச கோளாறுதான்."

அவர் போய்ச் சொல்லியிருக்கிறார். ஜோசியர் இன்னொரு ஜோசியருக்குச் சொல்லியிருக்கிறார். ஆறு மாதத்தில், எங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கண்டாலே ஊரில் இருக்கும் ஜோசியர்கள் வாயைத் திறக்காமல் நான்கு நிமிடம் கழித்துவிட்டுத்தான் கட்டம் போட்டார்கள். நவகிரகங்களே பாயின் கைக்கடிகாரத்துக்கு இடம் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

மனிதர்களையும் அவர் நோட்டில் விடவில்லை. கோளாறு இருபத்திரண்டு நான். "கவுண்டர் பாப்பா பதினோரு மணிக்கு டீ இல்லன்னா கத்தும். சமாளிப்பு: டீ." படித்துவிட்டு ஒருநாள் முழுக்க அவரோடு பேசவில்லை. அதற்கு அடுத்த வரியைப் படித்து நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அதைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

"கோளாறு 23: பாய் படி ஏறனா நெஞ்சு புடிக்கும். சமாளிப்பு: மூணாவது படியில பத்து நிமிஷம் ஒக்கார வுடவும். தானா சரியாயிடும்."

உண்மையாகவே சரியாகிவிடும். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை அந்த மூன்றாவது படியில் உட்கார்ந்திருப்பார். பத்து நிமிடம் கழித்து எழுந்து டெஸ்டரோடு மேலே போய்விடுவார். டூட்டி டாக்டர் ஒருநாள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இ.சி.ஜி. எடுத்தார். அதைப் பார்த்த டாக்டரின் முகம் மாறிவிட்டது.

"பாண்டிச்சேரிக்குப் போயி ஆஞ்சியோ பண்ணிடுங்க. மூணு நாள் ஆவும். தள்ளிப் போடாதீங்க. இது பொட்டு ஒட்டி மறைக்கற லைட் இல்ல, பாய்."

"மூணு நாளு இந்தப் பொட்டிய யாரு சார் பாத்துக்குவாங்க? புது சர்வர் வரட்டும். வந்தா மறுநாளே போயிடறேன்."

புது சர்வர் அடுத்த மாதம் வருவதாக இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமைதோறும் பாய் கவுண்டருக்கு வந்து, "வந்துச்சா பாப்பா?" என்று கேட்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். அவர் படி ஏறுவார். ஒவ்வொரு வாரமும் "போய்ட்டு வாங்க பாய், நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல நினைப்பேன். நோட்டில் இருந்த ஐம்பத்தேழு கோளாறையும் நினைத்துப் பயந்து வாயை மூடிக்கொள்வேன். கோளாறுக்குப் பயந்தது நான்தான், அவரில்லை.

ஒரு மழைக்காலத்தில் புது சர்வர் நிஜமாகவே வந்துவிட்டது. பாய் அட்டைப்பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். வியாழக்கிழமை பாண்டிச்சேரிக்கு டாக்டரிடம் நாள் வாங்கியாகிவிட்டது. துணிப்பையை எடுத்துவந்து சர்வர் அறையிலேயே வைத்துவிட்டார். "நேரா இங்கேர்ந்தே பஸ் ஏறிடுவேன்" என்றார். நாங்கள் டீ வாங்கிக் கொண்டாடினோம். பழைய பெட்டியிலிருந்து ஜனங்களையெல்லாம் புதியதற்கு மாற்ற வேண்டும். புதன்கிழமை முழுக்க அதற்காக அவர் கீழும் மேலுமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது படியில் பாய் உட்கார்ந்திருந்தார், கை நெஞ்சில்.

"இன்னா பாய்?"

"ஒண்ணுமில்ல பாப்பா. இருபத்திமூணு."

நம்பரைத்தான் சொன்னார். அது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். தண்ணீர் கொடுத்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். படி ஏற வந்தவர்களிடம், "பாய் இருபத்திமூணுல இருக்காரு, அந்தப் பக்கமா ஏறுங்க" என்றேன். அவர்களும் தலையாட்டிவிட்டு ஒதுங்கிப் போனார்கள். ஒரு நர்ஸ் போகிறபோக்கில் சிரித்தாள், அவரும் சிரித்தார். டூட்டி டாக்டரின் அறை அங்கிருந்து பன்னிரண்டு அடி. எட்டாவது நிமிடம் பாய் சுவரில் தலையைச் சாய்த்தார். அப்போதும் நான் இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

பிறகு எல்லோரும் ஓடினோம். டாக்டர் அவர் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று முப்பத்தெட்டு. "என்ட்ரி போட்ருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு மனிதரைப் பத்து நிமிடம் காக்க வைத்தோம். நோட்டில் எழுதியிருந்தது, நம்பினோம். பழுதை மறைக்காமல் சொல்லித்தான் தன்னை எங்களிடம் கொடுத்திருந்தார் அவர். வாங்கிக்கொண்ட எங்களுக்குத்தான் புத்தி இல்லை. அந்தக் குற்றத்தை நான் இன்னும் எங்கேயும் இறக்கி வைக்கவில்லை.

என்ட்ரியை அந்த நிமிடமே நான்தான் போட்டேன், பழைய சர்வரில். அவருடைய நிஜப் பெயரை முதல் தடவையாக அன்றுதான் அடித்தேன். இனிஷியலுக்குப் பக்கத்தில் புள்ளி வைக்கவில்லை. நேரத்தைப் புரோகிராமே போட்டுக்கொள்ளும். மூன்று நாற்பத்திரண்டு என்று போட்டது.

மறுநாள் அவர் வீட்டு வாசலில் கூட்டம். மலையிலிருந்து ஏழெட்டுப் பேர் நனைந்துபோய் வந்து ஓரமாக நின்றார்கள். இரும்புக்கடையைப் பார்த்துக்கொள்ளும் பாயின் அண்ணன் அவர்களிடம் எந்த ஊர் என்று விசாரித்தார். அன்றைக்குச் சீட்டைப் பார்த்துக் கேட்ட அதே பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "களமருதூருங்க" என்றார்.

"களமருதூர்ல நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லியேம்மா" என்று அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

பத்து நாள் கழித்துப் புது சர்வரைப் பொருத்த வந்த இன்ஜினீயர் என்னைக் கூப்பிட்டார். புது மெஷினில் மஞ்சள் விளக்கு எரியவில்லை, புள்ளி வைத்தாலும் நிற்கவில்லை, மலையின் ஊர்களும் பட்டியலில் வந்துவிட்டன. நோட்டைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் சரி பண்ணினதாகச் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் பாக்கி மேடம். பழைய டேட்டால டைம் எல்லாமே நாலு நிமிஷம் ஜாஸ்தியா இருக்கு. ஒரே கமாண்ட்ல மொத்தத்தையும் கழிச்சுடலாம். பண்ணிடட்டுமா?"

"வேணாங்க. அது தெரிஞ்ச கோளாறுதான்."

"அப்ப எங்கனா எழுதி வெச்சுடுங்க மேடம்."

சணல் கயிற்றில் தொங்கிய நோட்டைத் திறந்து பாயின் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன். "கோளாறு 58: பழைய சர்வர்ல எல்லா நேரமும் நாலு நிமிஷம் ஜாஸ்தி. சமாளிப்பு: தொட வேணாம்."

சுவர்க் கடிகாரப்படி பாய் மூன்று முப்பத்தெட்டுக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக் கணக்குப்படி மூன்று நாற்பத்திரண்டு வரைக்கும் எங்களோடுதான் இருந்தார். நான் ஆஸ்பத்திரிக் கணக்கையே வைத்துக்கொண்டேன்.