ஆடாத பெஞ்சு

தீவின் மரைன் ஹில் மேட்டுப் பூங்காவில் கடலைப் பார்த்தபடி ஒரு மரப் பெஞ்சு இருந்தது. அதன் இடது கால் ஆடும். கப்பல் அலுவலகத்தில் ஓய்வு பெற்ற ஜெகநாதனும் அவர் மனைவி வைஜெயந்தியும் மாலைதோறும் அதில் உட்கார்ந்து, சாத்தம் படகுத்துறையிலிருந்து கிளம்பும் படகுகளைப் பார்ப்பார்கள். வைஜெயந்திக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார முடியாது. வீட்டில் உட்காருவதிலோ சில நிர்வாகச் சிக்கல்கள் இருந்தன.

"என்னிக்காவது ரெண்டு பேரும் கவிழப் போறோம். ஒரு போல்ட் முடுக்க இந்த ஊர்ல ஆளில்லையா?" என்றாள்.

அந்த ஒரு போல்ட்டுக்காகத்தான் ஜெகநாதன் பூங்காப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டுத் தன்னார்வலர் அணியில் சேர்ந்தார். பச்சைத் தொப்பி கொடுத்தார்கள். போல்ட் கொடுக்கவில்லை.

"ஆர்வம் உங்களோடது சார். போல்ட் டிபார்ட்மென்டோடது. மெயின்லேண்டுலேர்ந்து கப்பல்ல வரும்" என்றார் ஒருங்கிணைப்பு அதிகாரி உமா மகேஸ்வரி.

"இங்க ஜங்லிகாட் கடையிலயே கிடைக்குமே மேடம்?"

"அது வெறும் போல்ட் சார்."

கப்பல் வரும்வரை சும்மா இருப்பது தன்னார்வத்துக்கு அழகல்ல அல்லவா? எனவே பிற மேம்பாடுகள் தொடங்கின. புல்லைக் காக்க, புல்லில் கால் வைப்பது தடுக்கப்பட்டது. ஊஞ்சல் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசினார்கள். பிள்ளைகளின் உடையில் எண்ணெய் ஒட்டாமலிருக்க ஊஞ்சலைச் சுருட்டி மேலே கட்டினார்கள். 'கடலின் அழகைக் கண்டு மகிழ்வீர்' என்ற பெரிய பலகை கடலுக்கு நேர் முன்னால் எழுந்தது.

"கடல் எங்கன இருக்கு சார்?" என்று கேட்டார் செபஸ்தியான். படகில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர்; அவர் தலையிலும் ஒரு பச்சைத் தொப்பி.

"பலகைக்குப் பின்னாடி."

"இருக்குல்லா? அப்பம் சரி."

கடைசியில் போல்ட் வந்தது. ஜெகநாதனே தம் கையால் முடுக்கினார். பெஞ்சு அசையாமல் நின்றது. மூன்று முறை வார்னிஷ் பூசியதில் முகம் பார்க்கலாம் போல மின்னியது. அதிகாரி நெகிழ்ந்துபோனார்.

"இவ்வளவு அழகாப் பண்ணிட்டு, இதுல போய் யாராவது உட்காருவாங்களா சார்?"

அந்தக் கேள்வியில் இருந்த நியாயத்தை அணி ஒருமனதாக ஏற்றது. பெஞ்சுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, சுற்றிலும் கயிறு கட்டி, மாலைக் காவலுக்கு ஜெகநாதனை நிறுத்தினார்கள்.

வைஜெயந்தி மேடேறி மூச்சு வாங்க வந்தாள். "உக்காரலாமா?"

ஜெகநாதன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "இது இப்ப நல்ல பெஞ்சு, வைஜி."

"அது ஆடினப்ப நான் உக்காந்திருந்தேன். இப்ப அது நிக்குதுன்னு நான் ஆடிக்கிட்டு நிக்கணுமா?"

"அரே சார், சோடோ! கயித்த அவுத்து விடுங்க. அண்ணி பாவம்லா?" என்றார் செபஸ்தியான்.

"உறையில கீறல் விழுமே" என்றார் ஜெகநாதன் பரிதாபமாக.

வீடு வரும்வரை வைஜெயந்தி ஓயவில்லை. "உக்காரத்தான் பெஞ்சு. அதை உறை போட்டு மூடி வெச்சுக் கும்பிடுற கூட்டத்தை இங்கதான் பாக்குறேன். புத்தி இருக்கவங்க செய்யுற வேலையா இது?"

ஜெகநாதன் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். அந்த மலையில் எந்த வீட்டுக் கூடத்திலும் இருப்பதுபோல் அங்கும் ஒரு சோபா இருந்தது. மகன் கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து கப்பலில் வந்தது. வந்த அன்று சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை இன்றும் அப்படியே பளபளத்தது. மகனுக்கே இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டன.

காவல் நின்ற அலுப்பில் ஜெகநாதன் தன்னை மறந்து அதை நோக்கி நடந்தார்.

"அங்க எங்க போறீங்க? விருந்தாளி வந்தா உக்கார வேணாமா?" வைஜெயந்தி குட்டை ஸ்டூல் ஒன்றை அவர் பக்கம் தள்ளிவிட்டு, இன்னொன்றில் முழங்காலைப் பிடித்தபடி மெல்ல இறங்கினாள்.

ஜெகநாதன் பச்சைத் தொப்பியைக் கழற்றி, உரிய மரியாதையுடன் அவள் தலையில் வைத்தார்.