தாண்டவராயன் உட்கார்ந்த நாற்காலி

எருக்குழியிலிருந்து தோண்டி எடுத்த பிறகும் நாற்காலி புதிதாகவே பளபளத்தது. போன வாரம்தான் விழுப்புரம் கடைவீதியில் வாங்கியது.

“சாணி நாத்தம்தான் ஏறிக்கீது. வயசு ஏறலியே,” என்றாள் கோவிந்தம்மாள்.

அவள் கணவர் சீனுவாசன் சாம்பல் போட்டுத் தேய்த்தார். மகள் அம்சவள்ளியைப் பெண் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து வருகிற மாப்பிள்ளையின் அப்பா தேவநாதன், ஓய்வுபெற்ற ஆங்கில விரிவுரையாளர். ஊரே டி.வி. வாங்க அலைகிற காலத்தில், ஆண்டிக் சாமான் உள்ள பரம்பரையில்தான் பெண் எடுப்பேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். இந்த வரனும் தட்டிப்போனால் அம்சவள்ளியின் முகத்தைப் பார்க்க முடியாது.

தேவநாதன் வந்தார். நாற்காலியை ஒருமுறை வலம் வந்தார்.

“ஆண்டிக்னா வெறும் பழசு இல்லீங்க. ‘முன்னே’ங்கற லத்தீன் சொல்லுல பொறந்து, பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தது. நமக்கு முன்னே ஒருத்தர் இருந்தாருன்னு சாமானே சொல்லணும். இதுல யார் இருந்தாரு?”

“எங்க கொள்ளுத்தாத்தா தாண்டவராயன்,” என்று சீனுவாசன் அந்த நிமிடமே ஒரு தாத்தாவைப் பெற்றெடுத்தார்.

“கைப்பிடி தேயவே இல்லியே?”

“இடது கையை மட்டும்தாங்க ஊனுவாரு.”

தேவநாதன் குனிந்தார். இடது கைப்பிடி உள்ளங்கை அளவுக்குக் குழிந்திருந்தது. காலையில் தேய்த்தபோது சீனுவாசன் அதைப் பார்க்கவில்லை.

“ஏதோ வாடை வருதே?”

“மூக்குப்பொடிங்க. தாத்தாவோடது,” என்றார், சாணியை மறைக்க.

மூடிய ஜன்னல் பக்கமிருந்து பொடி நெடி கிளம்பியது. தேவநாதன் பரவசமாகத் தும்மினார்.

“பேஜாராப் போய்க்கினு கீது. பேச்சை மாத்துங்க,” என்று கோவிந்தம்மாள் முணுமுணுத்தாள்.

அதற்குள் தேவநாதன் உட்காரப் போனார். பலகையில் ஈரம்.

“வேணாங்க. வேற யாரையும் உக்கார வுடமாட்டாரு. இந்த வூட்ல இன்னிக்கும் அவர் சொல்றதுதான் சட்டம்,” என்றார் சீனுவாசன்.

நாற்காலி ஒரு சாண் பின்வாங்கியது. தேவநாதன் தரையில் இருந்தார். மெல்ல எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

“ஒரிஜினல்,” என்றார். “எங்களுக்குப் பரிபூரண சம்மதம்.”

கூடத்துப் பேச்சு எதுவும் கேட்காமல் சமையல்கட்டில் வேலையாக இருந்த பக்கத்து வீட்டுப் பூமாலை, காபித் தட்டோடு வந்தாள். ஒரு டம்ளரை நாற்காலியின் இடது கைப்பிடியருகே பணிவாக நீட்டினாள். டம்ளர் அவள் கையை விட்டுப் போனது, கீழே விழவில்லை.

“பெரியவரு அப்பவே அடுப்பங்கரையாண்ட வந்து சொல்லிட்டாருக்கா,” என்றாள் பூமாலை. “இந்தச் சம்பந்தம் வேணாமாம். மாப்பிள்ளை வூட்டுக்காரங்க நேத்து மொளைச்சவங்களாம்.”