மரநாயின் முறையான சுற்றளவு

உலகில் அறிவு வளர்ந்த இடங்கள் இரண்டு. ஒன்று எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மற்றது, நான் செயலாளராக இருக்கும் விலங்கியல் அருங்காட்சியகம்.

எங்கள் இயக்குநர் சிறு மரநாய் பற்றிய தலையாய நிபுணர். பெயரில் நாய் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்; கீரிக்கு இளைத்துப்போன தம்பி மாதிரி ஒரு காட்டுப் பிராணி அது. எலி போகும் ஓட்டையில் எல்லாம் தானும் போகும். பிடரியில் ஒரே கடி. பிறகு செத்த எலியின் வளையிலேயே குடியேறி, அதன் மயிரையே மெத்தையாகப் போட்டுத் தூங்கும். இவ்வளவையும் நாற்காலியை விட்டு எழாமலே எழுதிய மேதை அவர்.

அவருக்கு ஆதாரம், கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் பாடம் செய்த மரநாய். பாடம் செய்த ஆள் கையில் பஞ்சு மிச்சமிருந்ததாம். வீணாக்குவானேன் என்று எல்லாவற்றையும் உள்ளே திணித்துவிட்டான். பார்த்தால் தலையணை. அந்தத் தலையணையை அளந்த கணக்குதான் 'இனத்தின் முறையான சுற்றளவு' என்று அவர் புத்தகத்தில் ஏறியது.

என் அண்ணி விதைக்கடை வைத்திருக்கிறார். அவர் கிடங்குக்கு உயிருள்ள மரநாய் ஒன்று எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. எலிகள் காலி. அண்ணி வாயெல்லாம் பல்லாக இதைச் சொல்ல, நான் கடமை உணர்ச்சியோடு இயக்குநரிடம் சொன்னேன். அன்றே கூண்டோடு போய்ப் பிடித்து வந்தோம்.

இயக்குநர் அளவு நாடாவை அதன் வயிற்றில் சுற்றினார். முகம் கறுத்தது.

"என்னய்யா இது, பாதிகூட இல்ல!"

"இது உயிரோட இருக்கு சார்."

"அதெல்லாம் ஒரு சாக்கா?"

அருங்காட்சியகக் குழுவின் அவசரக் கூட்டம் கூடியது. "ஒருவேளை பெட்டியில இருக்கிறது தப்போ?" என்று ஓர் உறுப்பினர் கேட்டுவிட்டார்.

"புத்தகம் அச்சாயிடுச்சு," என்றார் இயக்குநர்.

உறுப்பினர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிராணி 'கடும் பட்டினியால் வாடுவதாக' ஒருமனதாகத் தீர்மானித்து, 'ஊட்டத் திட்டம்' தொடங்கினோம். அதற்கு முட்டை, இறைச்சி. மேற்பார்வையிட்ட எங்களுக்கும் அப்படியே. ஓட இடமில்லாத கூண்டில் அது நாளுக்கு நாள் கம்பீரமானது.

அண்ணி மூச்சிரைக்க வந்தார். "தம்பி, சாக்கெல்லாம் ஓட்டை. விதைப்பு தொடங்குறதுக்குள்ள அது திரும்பி வரலன்னா நான் கடையைப் பூட்ட வேண்டியதுதான்."

"அறிவியல் நடந்துட்டிருக்கு அண்ணி. கொஞ்சம் பொறுங்க."

"நான் பொறுப்பேன். எலிகிட்ட யாரு சொல்றது?"

அறிவியல் நடந்து முடிய மேலும் சில வாரங்கள் ஆயின. நாடா கடைசியில் புத்தகத்துச் சுற்றளவைத் தொட்டபோது இயக்குநரின் கண் கலங்கிவிட்டது. கிடங்கிலேயே 'மறுவாழ்வு விழா' வைத்தோம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஓர் எலி மேடையைக் குறுக்கே கடந்தது, அவசரமே இல்லாமல். கூண்டைத் திறந்தேன்.

மரநாய் பாய்ந்தது. எலி வளைக்குள் தலை போனது, கழுத்து போனது. அப்புறம் எதுவும் போகவில்லை. பின்பாதி கூட்டத்தைப் பார்த்தபடி காலை உதைத்தது.

"பாருங்க, என்ன நிதானம்!" என்றார் இயக்குநர். எல்லோரும் கை தட்டினோம்.

உள்ளே எலிகள் அதன் முகத்தில் பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தன. அண்ணி ஓடிவந்து பிடித்து இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இயக்குநர் அந்த உடம்பையும் ஒருமுறை அளந்தார். இம்மி பிசகவில்லை. பாடம் செய்து பழையதன் பக்கத்திலேயே நிறுத்த உத்தரவிட்டார்.

அண்ணி ஓட்டைச் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். எனக்கே சங்கடமாக இருந்தது. தேற்றத்தான் சொன்னேன்: "விடுங்க அண்ணி. கடைசி காலத்துல எப்படி இருந்துச்சு பாத்தீங்களா! எங்க சார் மாதிரியே ஆக்கியிருந்தோம்."

அண்ணி இயக்குநரின் வயிற்றைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார்.

"உங்கள மாதிரியே ஆக்கிட்டீங்க, சரி. ஆனா அதுக்கு வேலை இருந்துச்சே தம்பி!"