வாய் மயங்கிய ஞாயிற்றுக்கிழமை

வெளிநாடு போய்த் திரும்பிய ஆளைக் கொஞ்ச காலத்துக்குச் சமையலறைப் பக்கம் விடக் கூடாது. ஊர் சுற்றிப் பார்த்து வந்தவர்கள் போட்டோ காட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். சாப்பிட்டுப் பார்த்து வந்தவர்கள்தான் ஆபத்தானவர்கள். நான் அந்த இரண்டாவது வகை.

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் எனக்கு மெஷின் பராமரிப்பு வேலை. புதிதாக வாங்கவிருந்த மெஷின் ஒன்றை ஓட்டிப் பழகி வரச் சொல்லிச் சீனாவில் செங்டு நகரத்துக்கு என்னை அனுப்பினார்கள். சாப்பிட என்ன கிடைக்குமோ என்ற பயத்தில் பெட்டியில் பாதி இடத்தைப் பருப்புப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் கொடுத்திருந்தேன். அந்தப் பாட்டில்களை நான் திறக்கவே இல்லை.

தங்கியிருந்த இடத்தில் மெஸ் நடத்திய அக்கா, பெரிய இரும்புச் சட்டியைத் தீயில் காய வைத்து, கீரையைப் போட்டு இரண்டு புரட்டுப் புரட்டி எடுத்துவிடுவார். கீரை பச்சை மாறாமல் தட்டுக்கு வரும். கோழியை இஞ்சியோடு ஆவியில் வேக வைப்பார். வேளைக்கு ஒரு சூப். குடிக்க வெந்நீர். எதிரே இருந்த பூங்காவில், காய்கறிப் பையோடு படியேறிய ஒரு வயதான அம்மா, மூச்சு வாங்கி நின்ற என்னைத் தாண்டிப் போனார். திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். (அனுதாபமாகத்தான் இருக்க வேண்டும்.) இவர்கள் சாப்பாட்டில் என்னதான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு ஆராய்ச்சி பிடித்தது.

மெஸ் அக்காவுக்கும் எனக்கும் பொது மொழி செல்போன்தான். அவர் சீனத்தில் பேசுவார், போன் தமிழில் சொல்லும். இந்தக் காய் உடம்புக்குச் சூடு, அது குளிர்ச்சி என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார். பொள்ளாச்சியில் என் மாமியார் சொல்வதும் இதேதான். எனக்குப் புல்லரித்துவிட்டது.

கிளம்பும் நாளில் அவர் ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே மிளகு அளவில் வாய் பிளந்த சிவப்புத் தோல்கள். ‘இதைச் சாப்பிட்டால் வாய் மயங்கும்’ என்றது போன். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். (நம் ஊர்க் கல்யாணச் சமையல்காரர்கள் இதைவிடப் பெரிதாகச் சொல்வார்கள்.) வயிற்றுப்புண் பயத்தில் காரமான பதார்த்தங்கள் பக்கமே அங்கே நான் போகாததால், அதன் ருசி எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் பிரசங்கம் ஆரம்பித்தது. என் மனைவி கவிதா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆவியில வேக வெச்சா அதுக்குப் பேரு இட்லிங்க. அதைப் பாக்கறதுக்கா ப்ளைட் ஏறிப் போனீங்க?” என்றாள்.

என் மாமனார் அப்படியில்லை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். எதையும் துருவித் துருவிக் கேட்கிற மனிதர். தினமும் போன் செய்து, அங்கே தேங்காய் சூடா குளிர்ச்சியா, எண்ணெய் என்ன எண்ணெய் என்று விசாரித்தார். அவருக்கு ரத்தக்கொதிப்பு, உப்பையும் எண்ணெயையும் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். நான் விடுவேனா? ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு வாருங்கள், உங்கள் உடம்புக்கு ஏற்ற சாப்பாட்டை என் கையாலேயே சமைத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வந்தார்கள். இஞ்சி, காளான் சேர்த்த ஆவிக் கோழி, பீர்க்கங்காய் சூப், பீன்ஸ் வதக்கல், சோயா பன்னீர். உப்பை நான் தொடவே இல்லை. அதற்குப் பதில் சோயா சாஸைத் தாராளமாக ஊற்றினேன். பொட்டலத்தில் பாதியை நம் மிளகைப்போலவே மிக்ஸியில் பொடித்து, பன்னீரின் மேலும் பீன்ஸின் மேலும் கை நிறைய அள்ளித் தூவினேன்.

விருந்தாளிகளை முதலில் உட்கார வைத்து, நானும் கவிதாவும் பரிமாறினோம்.

ஒரு வாய் சாப்பிட்டதும் மாமனார், நல்லாருக்குதுங்க மாப்ளே என்றார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை சமைத்ததைக் குறை சொல்லும் மாமனார் இன்னும் பிறக்கவில்லை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் இன்னொரு கரண்டி வைத்தேன். அதையும் சாப்பிட்டார். மாமியார் தண்ணீர் மேல் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மாமனார் விரலால் தன் கீழுதட்டைத் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் தொட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“மாப்ளே, தப்பா நெனைச்சுக்காதீங்க. என்ற ஒதட்டைக் காணோமுங்க.”

பேச்சு குழறியது. கவிதாவின் முகம் வெளிறிவிட்டது. மாமனாரின் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தபோது முதலில் வாயில்தான் தெரிந்ததாம். பாதிச் சாப்பாட்டில் எழுப்பிக் காரில் ஏற்றினேன். அவிநாசி சாலையில் ஒவ்வொரு சிக்னலாக நான் வேண்டாத தெய்வங்களையெல்லாம் வேண்டிக்கொண்டு போகும்போது, பின்சீட்டிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

“எனக்கும் அதே மாதிரித்தானுங்க இருக்குது. மொதல்ல மாமனைப் பாக்கச் சொல்லுங்க. எனக்கொண்ணும் அவசரமில்லீங்க.”

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே நேரத்தில் பக்கவாதம் வருமா என்று சந்தேகப்படக்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை. எப்பேர்ப்பட்ட ஒற்றுமை என்றுதான் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் உட்கார வைத்து, பக்கவாதமா என்று பார்க்கப் பல் தெரியச் சிரிக்கச் சொன்னார். சிரித்தார்கள். இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னார். தூக்கினார்கள். எல்லாம் சரியாக இருந்தது. வாய் மட்டும்தான் மரத்திருந்தது. என்ன சாப்பிட்டார்கள் என்று டாக்டர் கேட்டார். சீனப் பாரம்பரியச் சமையலால் உடம்புக்கு விளையும் நன்மைகளை நான் விளக்க ஆரம்பித்தேன். (சத்தியமாக ஆரம்பித்தேன்.) ஆவியில் சத்து வீணாகாது என்ற இடம் வருவதற்குள் கவிதா கைப்பையைத் திறந்து, பொட்டலத்தையும் சாஸ் பாட்டிலையும் மேஜைமேல் வைத்தாள். அவளுக்கு வீட்டிலேயே சந்தேகம் வந்திருக்கிறது.

டாக்டர் ஒரு தோலை எடுத்து முகர்ந்தார். எலுமிச்சை வாசனை வருகிறதே என்றார். நர்ஸ் தடுப்பதற்குள் வாயில் போட்டுக் கடித்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். சிறிது நேரத்தில் அவர் கண்கள் விரிந்தன. விரலால் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு போனில் தேடிப் படித்தார்.

“இது மிளகே இல்லீங்க. எலுமிச்சை, நாரத்தைக் குடும்பமாம். வாயை மரக்க வைக்கிறதுதான் இதோட வேலையே. சீனாவுல ஒரு சிட்டிகைதான் போடுவாங்களாம். நீங்க எவ்வளவு போட்டீங்க?”

நான் உள்ளங்கையைக் காட்டினேன். வாய் மயங்கும் என்று போன் சொன்னதையும் சொன்னேன். போன் சரியாகத்தானே சொல்லியிருக்கிறது என்றார். அதோடு விடவில்லை. சாஸ் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்துவிட்டு, இதில் இருப்பது பெரும்பாலும் உப்புதான், ரத்தக்கொதிப்புக்காரருக்கு இதை ஊற்றவா செங்டு வரை போய்ப் படித்து வந்தீர்கள் என்று கேட்டார். மாமனாருக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. பயத்தால் இருக்கும், ஆனாலும் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன் என்று சாயங்காலம் வரை படுக்க வைத்துவிட்டார்.

மாமனாரின் கட்டிலருகே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உதடு திரும்பக் கிடைத்ததும் மாமனார் சொன்னார்.

“மாப்ளே, அந்தக் கோழி நெசமாலுமே நல்லா இருந்துச்சுங்க.”

மரியாதைக்குச் சொன்னாரோ என்று நினைத்தேன். இல்லை. இப்போது பொள்ளாச்சி வீட்டில் பல ஞாயிற்றுக்கிழமைகளில் இஞ்சி போட்ட ஆவிக் கோழிதான். எண்ணெய் கிடையாது, உப்பு அரைக்கல், சாஸுக்குத் தடை. அழுத்தமும் கட்டுக்குள் இருக்கிறது. (மாத்திரையும் உண்டு. முழுப் பெருமையையும் நான் எடுத்துக்கொள்ள முடியாது.)

மிச்சப் பொட்டலத்தை அவர் கேட்டு வாங்கிப் போனபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். கொப்பரை மண்டிக்கு எடுத்துப் போய், என்றைக்கும் விலை பேசி ஓயாத வியாபாரிகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்து, கதையையும் கூடவே சொல்லியிருக்கிறார். மண்டியிலிருந்து சொந்தக்காரர்களுக்குப் பரவ அதிக நேரம் ஆகவில்லை.

சமீபத்தில் கோபிச்செட்டிபாளையத்தில் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் ஆள் குறைவாக இருந்ததால் ரச வாளியை எடுத்துக்கொண்டு நான் இறங்கினேன். வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் அந்த வரிசை மொத்தமும் பல் தெரியச் சிரித்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியது.