கறுப்புக் காருக்கு வந்த பவிசு

"வைப்பர் வேணுமா, லைட்டு வேணுமா? சீக்கிரம் சொல்லு, ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்" என்றார் பல் டாக்டர்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, "எனக்கு வேற காரு வேணும்" என்றாள்.

டாக்டர் அதைக் காதில் வாங்காமல் லைட்டை அணைத்தார். உடனே வைப்பருக்கு உயிர் வந்து இரண்டு தரம் துடைத்தது. எதிரே ஏதோ வருவது போலத் தெரிந்ததும் லைட்டைப் போட்டார். வைப்பர் பாதி வழியில் நின்றுவிட்டது. வீட்டுத் தெரு முனையில் திரும்புவதற்காக இண்டிகேட்டரைப் போட்டபோது இரண்டும் சேர்ந்து கண்ணை மூடிக்கொண்டன. பதறிப்போய் ஹாரனை அழுத்தினார். தொண்டை கட்டிய ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு முனகல் கேட்டது. அதோடு என்ஜினும் அடங்கியது.

அது பின்பக்கம் அகலமான கதவு வைத்த, நீளமான கறுப்புக் கார். டாக்டர் வாங்கும்போதே அதற்கு நடுவயது தாண்டியிருந்தது. காலையில் எழுந்ததும் டாக்டர் தன் பல்லை விளக்குகிறாரோ இல்லையோ, காரைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

நனைந்தபடி இருவரும் வீடு வரைக்கும் நடந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே மனைவி தீர்ப்புச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி கேக் கடை திறக்கிறா. என் சொந்தக்காரங்க முன்னாடி ஒரு தடவையாவது நான் மரியாதையா போய் இறங்கணும். அன்னிக்கு இந்த வண்டி வழியில நின்னுச்சோ, நின்ன இடத்திலேயே பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துட்டு நான் பஸ்ல ஏறிடுவேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். டாக்டர் சிகரெட்டை விட்டதும் இப்படி ஒரு தீர்ப்புக்குப் பிறகுதான். அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய், ஆட்டோ எலக்ட்ரிஷியனிடம் விட்டார். அந்த மனிதரை ஊரே மின்னல் என்றுதான் கூப்பிடும். வேலையில் அப்படி ஒன்றும் வேகம் கிடையாது. பேச்சில்தான் மின்னல்.

மின்னல் பானெட்டைத் திறக்கவே இல்லை. அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நின்றார்.

"டாக்டர், உங்க வண்டிக்கு ரத்தசோகை" என்றார்.

"ஐயையோ. என்ன பண்றது?"

"இதெல்லாம் ஒரு விஷயமா? உள்ள ஆல்டர்னேட்டர்னு ஒண்ணு இருக்கு. என்ஜின் ஓடும்போது பெல்ட்டு அதையும் சேத்துச் சுத்தும். அது சுத்தினாத்தான் கரண்டு. லைட்டு, வைப்பர், ஹாரன் எல்லாம் அந்தக் கரண்டுலதான் பொழைக்குது. மிச்சம் மீதி இருந்தா பேட்டரிக்குப் போகும். உங்களுது முப்பத்தஞ்சு ஆம்பியர். இந்தக் காலத்துல அது பத்துமா? கஞ்சி குடிச்சிட்டு மூட்டை தூக்கச் சொல்றீங்க."

பிறகு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்து, தாலாட்டுகிற மாதிரி பிரித்தார். உள்ளே இருந்த ஆல்டர்னேட்டர் ஒரு பூசணிக்காய் பருமனுக்கு இருந்தது.

"ஐஸ்கிரீம் லாரியில இருந்து கழட்டினது. உள்ள இருக்கிற மொத்த ஐஸ்கிரீமையும் உருகாம காப்பாத்தினது இதுதான். நூத்தி இருபது ஆம்பியர்!"

டாக்டர் குனிந்து பார்த்தார். அலுமினிய உடம்பின் ஜன்னல்களுக்குள் செம்புக் கம்பி சுருள் சுருளாகத் தெரிந்தது. காலமெல்லாம் அடுத்தவர் வாய்க்குள்ளேயே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வரிசையும் நெருக்கமும் பிரமிப்பாக இருந்தன. ஒரு சொத்தை இல்லை, ஒரு இடைவெளி இல்லை. கையால் சுற்றினால் சத்தமே போடாமல் சுற்றியது. சும்மா சுற்றினால் மின்சாரம் வந்துவிடுமாமே! காற்று வேண்டாம், அணைக்கட்டு வேண்டாம், இத்தனூண்டு உருண்டை போதுமாம். அவருக்கு இரண்டு கையையும் கூப்பத் தோன்றியது.

"மாட்டிடுங்க" என்றார்.

மாட்டுவதில்தான் ஆரம்பித்தது வினை. பழையது உட்கார்ந்திருந்த இடத்தில் புதியது பாதிகூட நுழையவில்லை. மின்னல் அசரவில்லை. தாங்கிப் பிடிக்கும் இரும்பை வெட்டி, வேறு ஒரு துண்டை வெல்டிங் வைத்து, சுத்தியலால் நாலு சாத்துச் சாத்தி உட்கார வைத்தார்.

டாக்டர் வண்டியைக் கிளப்பி எல்லா சுவிட்சையும் ஒரே நேரத்தில் போட்டார். அடடா! லைட்டு எரிந்தது, வைப்பர் ஆடியது, இண்டிகேட்டர் கண்ணடித்தது. எதிர்ச் சுவரில் விழுந்த வெளிச்சத்தில் சுண்ணாம்பு பெயர்ந்த இடமெல்லாம் தெரிந்தது. டாக்டர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அவருடைய நோயாளிகள்கூட அவ்வளவு அகலமாகத் திறந்ததில்லை.

அப்போதுதான் புகை வந்தது.

"இதெல்லாம் ஒரு விஷயமா? ஒயரு மெலிசு. பெரிய ஆத்துத் தண்ணிய வாய்க்கால்ல விட்டா கரை உடையாதா?" என்றார் மின்னல். கருகிய ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சுண்டுவிரல் மொத்தத்துக்கு ஒன்றை இழுத்துக் கட்டினார்.

வண்டி வீட்டுக்குக் கிளம்பியது. வரும் வழியில் கொஞ்சம் வேகம் கூட்டியதும் பானெட்டுக்குள்ளிருந்து காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. டாக்டர் திரும்பவும் கடைக்கு ஓட்டினார்.

"பெல்ட்டு பழைய பெல்ட்டுதானே. குருவி தலையில பனங்காயை வெச்சிருக்கோம், அது கத்தத்தான் செய்யும். இறுக்கிடலாம்" என்று மின்னல் இறுக்கினார். முன்பு வேகத்தில் கத்தியது, இப்போது நடுவேகத்திலேயே கத்தியது. இன்னும் இறுக்கினார். இன்னும் சீக்கிரம் கத்தியது.

"மெதுவா போங்க டாக்டர். மாட்டு வண்டி வேகத்துல போனா சத்தமே வராது. உங்களுக்கென்ன, தீயணைக்கவா போறீங்க?"

மறுநாள் ஹாரன். கரண்டு தாராளமாக வந்ததும் அதற்குக் குரல் வந்துவிட்டது. எப்படி ஒலிக்கிறது என்று பார்க்கலாமே என்று டாக்டர் வீட்டு வாசலில் ஒரு தடவை அழுத்தினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். கையை எடுத்த பிறகும் ஹாரன் நிற்கவில்லை. அக்கம்பக்கத்தார் வெளியே ஓடி வந்தார்கள். அடுத்த வீட்டு நாய் இனி மனிதர் சகவாசமே வேண்டாம் என்பது போலத் தலைதெறிக்க ஓடியது. மின்னல் வந்து ஒயரைப் பிடுங்கிய பிறகுதான் தெருவுக்குக் காது கேட்டது.

"உள்ள ஒரு பாயிண்ட்டு ஒட்டிக்கிச்சு. இந்த ஊர்ல ஹாரன் அடிச்சு யார் விலகியிருக்காங்க? இல்லாமலே ஓட்டுங்க" என்றார் மின்னல்.

சனிக்கிழமை அழுகின முட்டை நாற்றம் அடித்தது. மனைவி சமையலறை முழுக்கத் தேடிவிட்டுக் கடைசியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு காருக்கு வந்து நின்றாள்.

"ஏங்க, உங்க பூசணிக்காய் கெட்டுப்போச்சு."

உள்ளே பேட்டரி கொதித்துக்கொண்டிருந்தது. டாக்டர் போனில் கதறினார்.

"பயப்படாதீங்க. இவ்வளவு கரண்டைக் குடிச்சுப் பழக்கமில்லை, அதான் பொங்குது" என்றது மின்னலின் குரல். "கரண்டுக்கு வேற வேலை கொடுத்துடுங்க. எல்லா லைட்டையும் போட்டே ஓட்டுங்க. நாலு இண்டிகேட்டரையும் போட்டுடுங்க. ஒண்ணைக்கூட அணைக்காதீங்க."

"பகல்லயுமா?"

"கரண்டுக்குப் பகல் ஏது, ராத்திரி ஏது டாக்டர்?"

போனை வைத்த டாக்டர் அந்த வாக்கியத்தை நினைத்து நினைத்து வியந்தார். மனைவி வியக்கவில்லை. "விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்" என்று சொல்லிவிட்டு, பஸ் நேரம் விசாரிக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பளீரென்று வெயில் அடித்தது. தங்கை கடைக்குப் பரிசாக மனைவி ஓர் ஆள் உயரக் கண்ணாடி வாங்கியிருந்தாள். கீறல் விழக்கூடாது என்று அதை வெள்ளைப் படுக்கை விரிப்பில் சுற்றிக் காரின் பின்பக்கம் படுக்க வைத்தார்கள். டாக்டர் எல்லா விளக்கையும் போட்டார். ஒரு சத்தமும் இல்லாமல் வண்டி தெருவில் இறங்கி ஊர்ந்தது.

"பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுக்கிட்டு… எல்லாரும் பாக்குறாங்க" என்று மனைவி கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பார்த்தார்கள்தான். ஆனால் சிரிக்கவில்லை.

முதலில், முந்திப் போவதற்காகச் சீறி வந்த ஒரு மோட்டார் சைக்கிள் இளைஞன், பக்கத்தில் வந்ததும் சட்டென்று வேகத்தைக் குறைத்துப் பின்வாங்கினான். பிறகு எதிரே வந்த பஸ் ஓரங்கட்டி நின்று வழிவிட்டது. பஸ்ஸாவது, வழிவிடுவதாவது! டாக்டர் தன் ஆயுளில் அதைப் பார்த்ததில்லை. காப்பிக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

மனைவியின் கைப்பை மெல்ல மூக்குக்குக் கீழே இறங்கியது.

நாலு ரோடு சந்திப்பில் போக்குவரத்துப் போலீஸ்காரர் இவர்களைக் கண்டதும் விசில் ஊதி மூன்று பக்கமும் நிறுத்தினார். வண்டி கடக்கும்போது விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார். ஹாரன் அடித்தும் விலகாத ஊர், ஹாரனே இல்லாதவனுக்கு விலகுகிறதே! நூற்றி இருபது ஆம்பியருக்கு இத்தனை மகிமையா? கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்தச் செம்புக் கம்பியிலிருந்து கிளம்பி ஜனங்களின் மனசையே தொடுகிறதோ என்று அவருக்குப் புல்லரித்தது.

"ஏங்க" என்றாள் மனைவி, அடங்கிய குரலில். "சல்யூட் வெச்சாருங்க."

"பாத்தேன்."

"நமக்கா?"

"பின்ன?"

ரவுண்டானாவில் ஒரு நீண்ட கார் வரிசை சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு குப்பை லாரி புகுந்து வரிசையைக் குலைத்துவிட்டது. முன்னால் போன வண்டி கண்ணில் படாமல், பின்னால் மாட்டிக்கொண்ட கார்கள் கொஞ்சம் தடுமாறின. பிறகு டாக்டரின் காருக்குப் பின்னால் வந்து ஒழுங்காகச் சேர்ந்துகொண்டன.

"நம்ம பின்னாடி எத்தனை காரு! ஒருத்தர்கூட முந்தலையே. அவங்களும் லைட்டைப் போட்டுக்கிட்டு வர்றாங்க" என்றாள் மனைவி.

"நம்மளப் பாத்துத்தான். நல்லதை நாலு பேர் கத்துக்கட்டுமே" என்றார் டாக்டர்.

அதற்கப்புறம் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தலையைச் சரி செய்துகொண்டாள். நடைபாதையில் ஒரு பெரியவர் தலை குனிந்து நிற்க, இவளும் மெல்லத் தலையசைத்து அதை ஏற்றுக்கொண்டாள். கடைசித் திருப்பத்தில் அவள் கை நீண்டு, காரின் டேஷ்போர்டை ஒரு தடவை தடவிக் கொடுத்தது. டாக்டர் அதைக் கண்டும் காணாத மாதிரி இருந்தார். கண்ணில் நீர் முட்டியது.

கேக் கடை வாசலில் பலூன் கட்டிப் பாட்டுப் போட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் வாசலிலேயே நின்றிருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே கறுப்புக் கார் விளக்கெல்லாம் ஜொலிக்க வந்து நின்றது. பின்னாலேயே ஒன்று, இன்னொன்று, மற்றொன்று என்று தெருக்கோடி வரைக்கும் கார்கள் வந்து நின்றன. ஒரு கதவுகூட அடித்துச் சாத்தப்படவில்லை. அடக்கமான நிறத்தில் உடுத்தியவர்கள் சத்தமில்லாமல் இறங்கினார்கள்.

தங்கை ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். "அக்கா! இத்தனை பேரையும் நீயா கூட்டிட்டு வந்தே?"

"எல்லாம் உங்க அத்தானோட வண்டிதாண்டி" என்றாள் மனைவி. பிறகு சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, "நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இதை விக்க விடமாட்டேன்" என்றாள்.

டாக்டருக்கு உலகமே தித்தித்தது. தங்கை தட்டைத் தூக்கிக்கொண்டு போய், வந்தவர்களுக்கெல்லாம் கேக் நீட்டினாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்சம் திகைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள். ஓர் அம்மாள் ஒரு வாய் கடித்ததும் விம்மி அழுதுவிட்டாள். தன் கேக் ருசி இப்படி ஒருவரை உருக்குமா என்று தங்கை மலைத்துப் போய் நின்றாள்.

அப்போது கூட்டத்திலிருந்து மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் மெல்ல வந்து டாக்டரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். அவர் கண் காரின் பின்பக்கமாகப் போய், வெள்ளை விரிப்பில் நிலைத்து நின்றது.

"ரொம்பப் பொறுமையா, மரியாதையா கொண்டுவந்து சேத்தீங்க தம்பி" என்றார் அவர். "அந்தப் பின்கதவைக் கொஞ்சம் திறந்தீங்கன்னா, கடைசியா ஒரு தடவை எங்க பெரியப்பா முகத்தைப் பாத்துக்குவோம்."