காகுயிசாபுரத்தின் வீழ்ச்சி

கிருபைரட்ணம் மாஸ்டர் தமது காணியில் மலசலகூடம் ஒன்று அமைக்க அனுமதி கோரி விண்ணப்பித்தது ஒரு திங்கட்கிழமை. உடுவிலில் அவருடைய வீட்டுக் கோடியில் இருந்த பழையது மாரி மழையில் குழியோடு இடிந்து போயிற்று. அன்றிலிருந்து அவரும் மனைவி சீலாவும் பக்கத்து வீட்டுக் குணலட்சுமியின் தயவில்தான் காலம் தள்ளினார்கள். சீலாவுக்கு முழங்கால் வருத்தம். படலையைத் திறந்து, ஒழுங்கையைக் கடந்து, குணலட்சுமியின் நாயைச் சமாளித்துப் போய்ச் சேரக் கால் மணித்தியாலம் வேண்டும். அவசரக்காரருக்குக் கால் மணித்தியாலம் என்பது லேசான விசயம் இல்லை.

மாஸ்டர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், மரியாதைக்காரர். "மலசலகூடம்" என்பதற்குக் கீழான சொல் அவர் வாயில் வராது. சரித்திரம் படிப்பித்த சீலாதான் ஆள் பாராமல், இடம் பாராமல் "கக்கூஸ்" என்பாள். அவர் கூசிப்போவார்.

படிவத்தின் பதினேழாம் கேள்வி: "காணியின் தொன்மைக்கான சான்று, இருப்பின்." மாஸ்டர் குடும்ப வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருந்த ஒல்லாந்தர் காலத்து வரைபடத்தை எடுத்து இணைத்துவிட்டார். பெருமைதான், வேறென்ன.

அந்த வருசம் பழைய வரைபடம் பார்ப்பதுதான் பாஷன். பிரதேச சபைக் கந்தோரில் செந்தூரன் என்ற அலுவலர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாஸ்டரின் காணி இருந்த இடத்தில் ஒரு சதுரம். சதுரத்துக்குள் ஒரு வட்டம். பக்கத்தில் "காக்ஹுயிஸ்" என்று எழுதியிருந்தது.

"இது என்ன ஊர், சேர்?"

"தெரியாது தம்பி. என்ரை மலசலகூடம்..."

"அதைப் பிறகு பாப்பம்."

உடனே லெனாட் வரவழைக்கப்பட்டார். தொலைந்த நாகரிகங்களைத் தேடி யூடியூப்பில் காணொளி போடுகிறவர். அரச பாஷையில் வளவாளர், அதாவது விசயம் தெரிந்தவர்.

"சதுரம் நகரம். வட்டம் சுரங்க வாசல்," என்றார் லெனாட். "ஒல்லாந்தர் வரேக்கையே அழிஞ்சுபோன ஊர். பேரை மட்டும் எழுதி வைச்சிருக்கிறாங்கள்."

"சுரங்கம் ஆழமோ?"

"நல்ல ஆழம். அதுக்குள்ளை போனது ஒண்டும் திரும்பி வந்திருக்காது."

அவ்வளவு முன்னேறிய சனம் எப்படி அழிந்தது என்பதுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை. லெனாட் ஒவ்வொரு காணொளியையும் அந்தக் கேள்வியோடுதான் முடிப்பார்.

காணியில் வாழைக்குட்டிகூட நடக்கூடாது என்று இதற்கென்றே அமைத்த உபகுழு தீர்மானித்தது. வாசலில் "காகுயிசாபுரம்" என்று பலகை நட்டார்கள். நல்லூரில் காகுயிஸ் கூல் பார் திறந்தது, அடுத்த கிழமை பள்ளிப் பிள்ளைகளுக்குக் காகுயிஸ் ரியூட்டரி. பிறந்தநாள் கேக்கில் சதுரமும் வட்டமும் போடுவித்தார்கள். கனடாவிலிருந்து வந்த ஒருவர் அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளிப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார். மாஸ்டரும் லேசுப்பட்டவர் இல்லை. கோயில் ஆராதனை முடிந்ததும் புதிய போதகரிடம், "நாங்கள் காகுயிஸ் பரம்பரை" என்று சொல்லிக்கொண்டார்.

அன்று பின்னேரம் சீலா குணலட்சுமி வீட்டிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தாள்.

"இஞ்சருங்கோ, கக்கூஸ் அலுவல் என்ன மாதிரி?"

"நீர் ஒண்டு. காக்ஹுயிஸ் எண்டு உலகமே கதைக்குது, உமக்கு..."

"என்ன பேர்?"

"காக்ஹுயிஸ். வரைபடத்திலை கிடக்கு."

"உதைக் கெதியாய், மூச்சு விடாமல் சொல்லிப் பாருங்கோ."

சொன்னார். இன்னும் கெதியாகச் சொன்னார். மூன்றாந்தரம் சீலாவின் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட, கதிரையில் இருந்துவிட்டார்.

"கந்தோர் எண்ட சொல்லும் ஒல்லாந்தற்றை கப்பலிலைதான் வந்தது," என்றாள் சீலா. "ரெண்டும் ஒண்டாய் வந்து இறங்கினதுகள்."

மறுநாள் மாஸ்டர் சைக்கிளில் கந்தோருக்குப் போனார். செந்தூரனின் அறைக் கதவைச் சாத்தி, வாழ்க்கையில் முதன்முறையாக அந்தச் சொல்லை மெதுவாக உச்சரித்தார். செந்தூரன் கோப்பைத் திறந்தார்.

"அப்ப, உந்தக் காணியிலை முந்தியே ஒண்டு இருந்திருக்கு?"

"ஓம் தம்பி."

"அதுக்கு அனுமதி?"

"ஒல்லாந்தர் ஆரிட்டைக் கேக்கிறது?"

செந்தூரன் கோப்பில் ஏதோ குறித்துக்கொண்டார். உண்மை வென்றது என்று மாஸ்டர் நிம்மதியாக வீடு திரும்பினார். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது.

"மேற்படி காணியில் ஏற்கெனவே ஒரு மலசலகூடம் அமைந்துள்ளதாகத் தாங்களே வாய்மூலம் ஒப்புக்கொண்டுள்ளமையால், இரண்டாவதற்கு அனுமதி வழங்க இயலாதென்பதை மனவருத்தத்துடன் அறியத்தருகின்றேன். முதலாவது அனுமதியின்றிக் கட்டப்பட்டமைக்கான விளக்கத்தைப் பதினான்கு நாட்களுக்குள் சமர்ப்பிக்கவும். புராதன நகரின் பெயர்ப்பலகை தொடர்ந்தும் பேணப்படும்."

சீலா கடிதத்தை வாசித்து மடித்து வேதாகமத்துக்குள் வைத்தாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு குணலட்சுமி வீட்டுக்கு வெளிக்கிட்டாள். படலையடியில், அந்தப் பலகைக்குக் கீழே, ஒருக்கால் நின்றாள்.

"லெனாட்டுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கோ. அந்தச் சனம் எப்பிடி அழிஞ்சதெண்டு எனக்கு விளங்கியிட்டுது."

"எப்பிடி?"

"அனுமதி கேட்டிருக்குங்கள்."